நரிக்கு ஏற்ற சன்னம்

என் வயதை ஒட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளாக இந்த நாட்டில் வந்து இறங்கி, பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய ஜெர்மனை வைத்துக்கொண்டு அப்பா அம்மாவுக்காக அலுவலகங்களில் கதைத்து, எந்த நாள் எந்த நேரம் வர வேண்டும் என்கிற டெர்மின் கடிதங்களை வாசித்துக் காட்டி வளர்ந்தவர்களுக்காக. உங்களிடமும் அப்படி ஒரு குளிர்காலம் இருக்கும். என்னுடையது நரிகளின் குளிர்காலம்.

எதையும் நாள் தவறாமல் எழுதி வைக்கிறவள் நான். ஆனால் அந்தப் பழக்கம் பிறகு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் தமிழ் எழுத்தும் முழுதாக வராது, ஜெர்மன் எழுத்தும் முழுதாக வராது. ஆகவே இதில் உள்ளதெல்லாம் ஞாபகத்திலிருந்து வருவது. நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகச் சொல்கிறேன். மற்றதைத் தெரியாது என்றே விட்டுவிடுகிறேன்.

பீலெஃபெல்டுக்குப் பின்னால், காட்டுமலைச் சரிவில் ஒரு கிராமம். அதன் கடைசிப் பண்ணைவீட்டில் மேல்மாடி இரண்டு அறைகளை நகரசபை எங்களுக்கு எடுத்துத் தந்திருந்தது. அதற்கு முன் நாங்கள் இருந்தது ஹைமில். ஹைம் என்றால் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு பழைய உடற்பயிற்சி மண்டபம். கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டுக் குடும்பங்களைப் பிரித்திருந்தார்கள். அங்கே விளக்கை அணைக்கும் விசை எங்கள் கையில் இல்லை. அம்மா அந்த வெளிச்சத்தில் தூங்கப் பழகவே இல்லை. பண்ணைவீட்டுக்கு வந்த முதல் நாள் அவர் செய்த முதல் வேலை அறை விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்ததுதான். இரண்டு பெட்டிகளையும் அவிழ்க்க மறந்து, விசைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதா, மண்டபத்துக்குத் திரும்புவதா என்பது வீட்டுக்காரரின் ஒரு சொல்லில் இருந்தது. அதை எங்கள் மூவருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு விதவை. அப்பாவும் அம்மாவும் அவரை மனுசி என்றுதான் தங்களுக்குள் சொல்வார்கள். அறுபதைத் தாண்டியவர். கணவரின் பச்சைக் கம்பளிக் கோட்டைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருப்பார். வேட்டைக்கு உரிமம் வைத்திருந்தார். சுற்றியிருந்த வயல்களிலும் காட்டோரத்திலும் சுடும் உரிமை அவருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் பொதுவாக இருந்தது. கீழ்வீட்டு நடையில் இரும்பு அலுமாரி ஒன்று. அதற்குள் துவக்குகள். திறப்பு எப்போதும் அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். அந்த நடைக்கு ஒரு மணம் உண்டு. துவக்குக்குப் பூசும் எண்ணெயின் மணம்; கிட்டத்தட்டப் பெருஞ்சீரகம் போல இருக்கும். மனுசி இறைச்சிக்கறிக்குத் தூள் வறுக்கிறாவாக்கும் என்று அம்மா பல நாள் நினைத்திருந்தார்.

நடைச் சுவரில் நரித்தோல்கள் தொங்கின. முந்தைய குளிர்காலங்களில் சுட்டு, பதனிட்டு வந்தவை. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து ஒரு போர்வை ஆக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒருநாள் அம்மா ஒரு தோலைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றுப்பக்கம் கிழிந்து ஒரு ஓட்டை இருந்தது.

“இதுக்குள்ள என்ர கை போகுது” என்று கையை விட்டுக் காட்டினார்.

நான் அதை மொழிபெயர்த்தேன். மனுசி வெட்கப்பட்டதுபோல் தலையை ஆட்டினார். துவக்கிலிருந்து பாய்கிற சன்னம் வேகமானது, அதன் மூக்கு ஈயம், அதனால்தான் என்றார். அந்தச் சொற்கள் அன்று எனக்கு விளங்கவில்லை.

முதல் வெடி கேட்டது வெளியே உறைந்துபோயிருந்த ஒரு காலையில். தானியக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மரப் பரணில் இருந்து அவர் சுட்டிருக்கிறார். நரி அந்த மாதம் கோழிக்கூட்டை இரண்டு தரம் உடைத்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது. அப்பா எங்களை இழுத்துக்கொண்டு மாடிப்படி முடியும் குறுகிய நடைக்குப் போனார். அங்கே ஜன்னல் இல்லை, இரண்டு பக்கமும் கல்சுவர். மூன்று பேரும் நின்றோம். அம்மா அடுப்பில் இருந்த பாலைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு கீழே மனுசியின் சப்பாத்துச் சத்தமும், அவர் கோழிகளோடு கதைக்கும் சத்தமும் கேட்டன. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பொங்கிய பாலை இறக்கினார். 

கொஞ்சநாள் போனதும் அப்பாவுக்கு அந்த வெடி பழகிவிட்டது. அல்லது பழகியதுபோல் நடக்கப் பழகினார். அவர் கூச்சமுள்ளவர், ஆனால் மரியாதை தெரிந்தவர். காணும்போது இரண்டு வார்த்தை கதைக்காமல் போவது அவருக்குச் சரிவராது. ஊரில் என்றால் மழையைப் பற்றியோ வெங்காயத்தைப் பற்றியோ கதைத்திருப்பார். இங்கே அவருக்கும் மனுசிக்கும் பொதுவாக இருந்தது சத்தம் மட்டும்தான்.

ஒரு பின்னேரம் முற்றத்தில் மனுசியும் பக்கத்துப் பண்ணைக்காரரும் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் அவர்களோடு கட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார். இடையில் என்னைப் பார்த்து, “பிள்ளை, நேற்றையான் வெடி வேற துவக்கு, முந்தினதைவிடச் சின்னன், அப்பிடித்தானே எண்டு கேள்” என்றார். வானிலை கேட்கிற குரலில்தான் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

மனுசியின் கை நின்றது. “ஆம். நேற்று வேறொன்றை எடுத்துப் போனேன்” என்றார்.

பண்ணைக்காரர் ஒரு கட்டையைக் கையில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். பெரிய உடம்பு, எப்போதும் சிவந்த காதுகள். இவருக்கு எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்கவில்லை; மனுசியிடம் கேட்டார். பிறகு இருவரும் தாழ்ந்த குரலில், எனக்கு விளங்காது என்று நினைத்து, வேகமாகக் கதைத்தார்கள். எனக்குப் பாதி விளங்கியது. சத்தத்தில் துவக்கைச் சொல்கிறவன் துவக்கோடு வாழ்ந்தவன் என்றார் அவர். உன் வீட்டு நடையில் அலுமாரி இருக்கிறது, மேலே அவன் இருக்கிறான், நகரசபைக்கு நீ சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டிவரும் என்றார். மனுசி விறகை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

பண்ணைக்காரர் கெட்டவர் அல்ல, இப்போது அது தெரிகிறது. தான் அறிந்த உலகத்தை வைத்துக் கணித்தார். அவருடைய உலகத்தில் துவக்கின் சத்தம் தெரிந்தவர்கள் இரண்டே வகை: வேட்டைக்காரன், படைவீரன். அப்பா வேட்டைக்காரன் இல்லை. மூன்றாவது வகையாக ஒரு ஊரே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்ற வழி இல்லை.

நான் கேட்டதை மாடியில் சொன்னேன். அப்பா கட்டிலின் விளிம்பில் இருந்தார். அம்மா விளக்குவிசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“நீங்கள் ஏன் வாயைத் திறந்தனீங்கள்?” என்று கேட்டார் அம்மா.

“மரியாதைக்குத்தானே” என்றார் அப்பா.

அதன்பின் சில நாள்கள் வீடு அமைதியாக இருந்தது. மனுசி வணக்கம் சொல்வார், நிற்கமாட்டார். அம்மா அவிழ்த்து அடுக்கிய உடுப்புகளில் பாதியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். எனக்கு அது எல்லாவற்றையும் சொன்னது. மண்டபத்தின் வெளிச்சம் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஞாயிறு மதியம் மனுசி படியில் ஏறி வந்து, மூவரையும் கீழே தன் சமையலறைக்கு வரச் சொன்னார். அம்மா கறிக்கு உரித்துக்கொண்டிருந்த லீக்ஸ் கட்டையும் கத்தியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை. மேசையில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுடும் தகரத் தட்டு. தட்டில் ஒரு வெள்ளைத் துணி. துணியில் ஐந்து ரவைகள் வரிசையாக நின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர் அடுப்போரம் இருந்தார்.

அந்த ஐந்தும் எவ்வளவு அழகாக இருந்தன என்று சொல்லாமல் போக முடியவில்லை. பித்தளைக் கோதுகள், ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று. கோதின் வாயில் பொருந்தியிருந்த சன்னம் ஐந்திலும் ஒரே பருமன், அம்மாவின் தோட்டின் அகலம்கூட வராது. ஆனால் கோதின் நீளமும் சன்னத்தின் மூக்கும் வேறு வேறு. இரண்டு நெடியவை, ஒன்றுக்கு ஈய மூக்கு, மற்றதற்கு நுனியில் சிறு குழி. இரண்டு நடுத்தரம், ஒன்று முழுவதும் செம்பு உறை போர்த்தது, மற்றதில் ஈய நுனி சாம்பல் நிறமாக எட்டிப் பார்த்தது. ஐந்தாவது குட்டையானது, ஒரு பொம்மைபோல.

மனுசி அப்பாவிடம் கேட்டார், நான் சொன்னேன்: நரிக்கு இதில் எதை எடுப்பீர்கள்?

அப்பா கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் படையினர் அவரை நிறுத்தி, உள்ளங்கையில் ஒரு ரவையை வைத்து, இது உன்னுடையதுதானே என்று கேட்டிருக்கிறார்கள். கையை மூடியவர்களும் வீட்டுக்கு வரவில்லை, கீழே போட்டவர்களும் வரவில்லை. கையை விரித்தபடி அசையாமல் நின்றதால்தான் வந்து சேர்ந்தார். இது எனக்குப் பல வருடம் கழித்து அம்மா சொன்னது. அன்று நான் கண்டது அவர் கைகள் பின்னால் போனதை மட்டும்.

“நான் துவக்கு ஒருநாளும் தொட்டதில்லை எண்டு சொல்லு பிள்ளை. இதையும் தொடமாட்டன் எண்டு சொல்லு.”

சொன்னேன். பண்ணைக்காரர் மூக்கால் சிரித்தார். தொடாதவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அப்பா யோசித்தார். பிறகு எனக்குச் சொல்லிக்கொண்டே போனார், நான் பின்னால் ஓடினேன். எங்கள் பக்கத்தில் இது படித்து வருவதில்லை. எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு தூரத்தில், என்ன துவக்கு என்று தெரியாவிட்டால் கிணற்றடிக்கு எப்போது போவது, பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதா என்று முடிவெடுக்க முடியாது. மீன் விற்கிறவருக்குத் தெரியும். ஐயருக்குத் தெரியும்.

“மனைவிக்கும் தெரியுமா?” என்று மனுசி கேட்டார்.

அம்மா லீக்ஸில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. “அவரைவிட எனக்கு நல்லாத் தெரியும் எண்டு சொல்லு” என்றார்.

மனுசி அம்மாவை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.  எழுந்து கோட்டைப் போட்டார். அலுமாரியைத் திறந்து மூன்று துவக்குகளையும், தட்டில் உள்ள அதே வகை ரவைகள் சிலவற்றையும் எடுத்தார். போவதற்கு முன் நான்கு தேநீர்க் கோப்பைகளை எடுத்து, தன் முதுகால் எங்களுக்கு மறைத்து, ஒவ்வொன்றையும் ஒரு ரவையின்மேல் கவிழ்த்து வைத்தார். கோப்பைகளின் வரிசைதான் அவர் சுடப்போகும் ஒழுங்கு. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு எது என்று இவர்கள் மூவரும் சொல்லட்டும், அதன்பிறகு கோப்பையைத் தூக்குங்கள் என்று பண்ணைக்காரரிடம் சொன்னார். குளத்துக்கு அப்பால் உள்ள மண்மேட்டில் துவக்கைச் சரிபார்க்கச் சுடுவது அவருக்கு அனுமதிக்கப்பட்டதுதான்.

நாங்கள் காத்திருந்தோம். அந்தச் சமையலறையின் கடிகாரத்தில் ஒரு மரக்குருவி இருந்தது. பழுதாகிப் பாதி வெளியே வந்தபடி நின்றுவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வெடி.

“பெரிசு” என்றார் அப்பா.

“இல்லை. நடு” என்றார் அம்மா. நானும் நடு என்றேன். பெரிசு வெடித்தால் மலை திருப்பிக் கதைக்கும். இதற்கு மலை கதைக்கவில்லை.

பண்ணைக்காரர் கோப்பையைத் தூக்கினார். நடுத்தர ரவை.

இரண்டாவதை மூவரும் சின்னன் என்றோம். குட்டை ரவை இருந்தது. மூன்றாவதற்கு அப்பா மறுபடியும் சின்னன் என்றார். அம்மா வெட்டுவதை நிறுத்தாமல், “முதல் வெடிச்சதுதான், திருப்பி” என்றார். நான் அம்மாவோடு சேர்ந்தேன். கோப்பைக்குள் நடுத்தர ரவை. அப்பாவின் முகம் கறுத்தது. நான்காவது வெடித்ததும் ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது, மலை உருண்டு உருண்டு பதில் சொன்னது. அதற்கு யாருக்கும் காது தேவைப்படவில்லை.

பண்ணைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கச் சிரித்தார். “நாலில் இரண்டு பிழை. இவரைப் படையில் சேர்த்திருந்தாலும் சமையலுக்குத்தான் விட்டிருப்பார்கள்” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

“அவருக்குச் சமையலும் வராது எண்டு சொல்லு” என்றார் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். மானம் போய் வீடு மிஞ்சியதென்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒன்றும் பிழைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“நீ எங்கே படித்தாய்?” என்று கேட்டார்.

“வீட்டில்” என்றேன்.

கையில் இருந்த கோப்பையை அவர் மேசையில் வைத்த விதம் இன்னும் எனக்குத் தெரிகிறது. சத்தம் வராமல், முட்டையை வைப்பதுபோல. பிறகு எழுந்து, தொப்பியை எடுத்து, அப்பாவுக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். அப்பா முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்துக் கொடுத்தார். நகரசபையைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. அன்று பின்னேரமே அம்மா பெட்டியில் இருந்த உடுப்புகளை எடுத்துத் திரும்ப அடுக்கினார்.

இனி மனுசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அன்று அவர் சுட்டுவிட்டுத் திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, சிரிக்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு ரவையாக எடுத்து நிறுத்தினார். எங்களுக்குச் சொல்வதுபோலவும் தனக்கே சொல்வதுபோலவும் கதைத்தார். நெடியது நரியை நின்ற இடத்தில் விழுத்தும், தூரத்தில் இருந்தும் எடுக்கலாம். ஆனால் தோல் கிழியும், சத்தமும் பெரிது. குழி மூக்குள்ளது இன்னும் மோசம், உள்ளே போய்ச் சிதறும். குட்டையானது சத்தம் குறைவு. ஆனால் நரியை நோகவைத்துவிட்டுத் தப்பவிடும், அது வேட்டை இல்லை. முழுச் செம்பு உறை போட்டது ஊசி குத்தியதுபோல் ஓட்டை வைக்கும், தோலுக்கு நல்லது. ஆனால் நரிக்குள் நிற்காது. மறுபக்கத்தால் போய் உறைந்த நிலத்தில் பட்டுத் துள்ளும். எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. இதைச் சொன்னபோது விரலால் மேலே காட்டினார். மேலே எங்கள் ஜன்னல்.

கடைசியில் நடுத்தரத்தில் ஈய நுனி எட்டிப் பார்த்ததைத் தனியே எடுத்து வைத்தார். அந்த அளவு ரவைக்கு வேட்டைக்காரர்கள் வைத்திருப்பது ஒரு குளவியின் பெயர். வேகம் குறைவானதால் தோல் பெரிதாகக் கிழியாது. நுனி ஈயம் என்பதால் உள்ளேயே மலர்ந்து நின்றுவிடும். சத்தம் பாதி. ஒரே குறை, நரிக்கு மிகக் கிட்டப் போக வேண்டும்.

“நான் கிட்டப் போகிறேன்” என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த வசதியான பரணை விட்டார். குளத்துக்கு அப்பால், நரி வரும் தடத்தின் அருகே, பாதி இடிந்த வைக்கோல் குடிசைக்குள் போய் இருக்கத் தொடங்கினார். விடியலிலும் பின்னேரம் இருட்டுகிற நேரத்திலும். பனிக்குள், ஒரு சாக்கின்மேல். பல நாள் சுடாமலே திரும்பினார். தூரம் அதிகம், சுடவில்லை. கோணம் பிழை, சுடவில்லை. கோழிகள் குறைந்துகொண்டே போயின. அந்த வயதில் முழங்கால் வலியோடு ஒருவர், தன் வீட்டு மாடியில் நகரசபை கொண்டுவந்து வைத்த மூன்று பேரின் காதுக்காகச் சன்னத்தை மாற்றி, துவக்கை மாற்றி, இருக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டார். அதைப் பற்றி ஒரு சொல் எங்களிடம் சொன்னதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்தான் என்னிடம் சொன்னார். அவளுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, அவருக்கு அந்த இடிந்த குடிசையின் கூரையை அடைத்தும் கொடுத்தார்.

இப்போது மனுசியின் கணிப்பில் இருந்த பிழையையும் எழுதிவிட வேண்டும். அவர் சத்தத்தைக் குறைத்தால் பயம் குறையும் என்று நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் கிட்டக் கேட்கிற வெடி அப்பாவுக்கு நடந்து முடிந்துவிட்ட வெடி. தூரத்தில் மெல்லக் கேட்பதுதான் வந்துகொண்டிருப்பது. ஊரில் எல்லாமே அப்படித்தான் தொடங்கும்: கடற்கரைப் பக்கம் மெல்லிசாக ஒன்று, பிறகு சந்தியில், பிறகு வேலிக்குப் பக்கத்தில். குளத்துக்கு அப்பால் இருந்து அந்தச் சின்ன வெடி கேட்கும்போதெல்லாம் அப்பா கரண்டியை வைத்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருப்பார். அடுத்தது வராது. வராதபடியால் இன்னும் காத்திருப்பார். முந்தைய பெரிய துவக்கே அவருக்கு எவ்வளவோ மேல்.

“மனுசிக்குச் சொல்லப் போறியளோ?” என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

“என்னெண்டு சொல்லுறது? எங்களுக்காகத்தானே மனுசி போய் அந்தப் பனிக்குள்ள குந்தியிருக்கிறா.”

“அப்ப சொல்லாதேங்கோ.”

அவர்கள் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை. அதற்குப் பதிலாக அப்பா ஒன்று செய்தார். வெடி கேட்டவுடன், எழும்ப மாட்டார். இருந்த இடத்தில் இருந்து, எங்கள் இருவருக்கும் கேட்கும்படி சொல்வார்: “குளவி. எங்கட மனுசி.”

முதலில் எங்களுக்காகச் சொன்னார்.  சோற்றுக்கோப்பை கையில் இருக்கும்போதும், முகச்சவரம் செய்யும்போதும் சொன்னார். குளிர்காலம் நடுவைத் தாண்டியபோது, நாங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் சொல்வது கேட்டது. அந்த வெடி வேலிப் பக்கம் வருவதை நிறுத்தியது அப்படித்தான் என்று நினைக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதாது. யாருடையது என்று தெரிய வேண்டியிருந்தது.

நரி விழுந்தது ஒரு வெள்ளை விடியலில். ஒரே வெடி. “குளவி” என்றார் அப்பா, தேநீரை ஆற்றிக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் மனுசி முற்றத்தில் வந்து நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நாங்கள் இறங்கிப் போனோம். நரி சறுக்குப் பலகையில் கிடந்தது. நான் நினைத்ததைவிடச் சிறியது, வால் மட்டும் பெரியது. உரோமத்தின் நுனிகளில் பனி பொடியாக ஒட்டியிருந்தது. அவர் முழங்காலில் நின்று உரோமத்தை விலக்கி அம்மாவுக்குக் காட்டினார். தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு சிவந்த புள்ளி. மறுபக்கம் ஒன்றுமில்லை. அம்மா சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். போகவில்லை.

“நல்ல வேலை” என்றார் அம்மா. தைக்கிறவர் அவர், அந்தச் சொல்லை இலகுவில் சொல்ல மாட்டார்.

மனுசி கோட்டுப் பையில் இருந்து வெறும் கோதை எடுத்தார். அதை அப்பாவுக்கு நீட்டினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

அப்பா கையை நீட்டினார். உள்ளங்கையை விரித்தபடி. மனுசி அதில் கோதை வைத்தார். அப்பா சற்று நேரம் அப்படியே நின்றார்.  பிறகு மெல்ல விரல்களை மூடினார்.

“இன்னும் சுடுகுது” என்றார் என்னிடம். மனுசியின் கோட்டுப் பையின் சூடாகத்தான் இருந்திருக்கும். துவக்கின் சூடு அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் நிற்காது.

“என்ன சொல்கிறார்?” என்று மனுசி கேட்டார்.

அப்பா யோசித்து, “திறமான தெரிவு எண்டு சொல்லு பிள்ளை. சத்தமே தெரியேல்லை எண்டு சொல்லு” என்றார்.

நான் சொன்னேன். மனுசி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அந்தக் கோதை அம்மா ஊசி வைக்க எடுத்துக்கொண்டார். தையலூசி இரண்டு அதற்குள் நிற்கும், வாயை மெழுகுதிரித் துண்டால் அடைத்திருப்பார். நரித்தோல் பதனிட்டு வந்ததும் மனுசியின் போர்வையைத் தைத்துக் கொடுத்தது அம்மாதான், அந்த ஊசிகளால். கை போகிற ஓட்டைகளை எல்லாம் உள்பக்கத்தால் ஒட்டுப்போட்டார். அந்த நரியின் தோலுக்கு மட்டும் ஒட்டு வேண்டியிருக்கவில்லை. அதை நடுவில் வைத்தார். கோது பிறகு ஒரு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. எந்த மாற்றத்தில் என்று தெரியாது. போர்வை யாரிடம் இருக்கிறது என்றும் தெரியாது.

நாங்கள் அந்த மாடியில் நான் ஆஉஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைத் தொடங்கும்வரை இருந்தோம். மனுசி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர் அவருக்கு முன்பே போய்விட்டார். அம்மாவும் இல்லை. அப்பா இப்போது என்னோடு இருக்கிறார், பீலெஃபெல்டில், காட்டை ஒட்டிய தெருவில். இந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் துவக்கில் சத்தம் குறைக்கும் குழாய் பூட்டுகிறார்கள். எங்கள் தெருவுக்கு அநேகமாக ஒன்றும் கேட்பதில்லை.

போன கார்த்திகையில் ஒரு பின்னேரம், இருட்டுகிற நேரம், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அப்பா கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காட்டுக்குள் தூரத்தில் மெல்லிசாக ஒரு வெடி கேட்டது. காதுக்கருவி போட்டிருக்கிற அவருக்குக் கேட்காது என்று நினைத்தேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார். தலையைச் சாய்த்தார். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“எங்கட மனுசி இல்லை” என்றார். “ஆரோ வேற ஆள்.”

எழுந்து, ஜன்னலைச் சாத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடைக்குப் போய் நின்றார். என் வீட்டு நடையிலும் ஜன்னல் இல்லை. நானும் எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.